எக்ஸ்பி கணினி வீட்டு நெட்வொர்க்கில் சேரவில்லை: கேபிள் விளக்கு எரிகிறது, முகவரி மட்டும் 169.254 என்றே வருகிறது

ஃபிலிம்சுருள்:

வணக்கம். என்னிடம் விண்டோஸ் எக்ஸ்பி, சர்வீஸ் பேக் 3 போட்ட ஒரு பழைய மேசைக் கணினி இருக்கிறது. அதைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள், காரணம் இருக்கிறது. ஃபிலிம் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யும் என் கருவிக்கு எக்ஸ்பிக்கு அப்புறம் டிரைவரே வரவில்லை, கருவியோ இன்றைக்கும் அருமையாக வேலை செய்கிறது. ஸ்கேன் செய்த படங்களை வீட்டு நெட்வொர்க் வழியாக விண்டோஸ் 11 கணினிக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் தேவை. இந்தக் கணினியில் இணையம் பார்க்கும் எண்ணமே இல்லை.

சில மாதங்களாக அது அணைந்தே கிடந்தது, இடையில் ரவுட்டரையும் மாற்றினோம். இப்போது கேபிளைச் செருகி ஆன் செய்தால் கீழே மூலையில் மஞ்சள் அடையாளமும் 'லிமிடெட் ஆர் நோ கனெக்டிவிட்டி' என்ற செய்தியும்தான் வருகின்றன. ரிப்பேர் கொடுத்தால் ஐபி முகவரியைப் புதுப்பிக்கும் கட்டத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு முடியவில்லை என்கிறது. முகவரி 169.254 என்று தொடங்குகிறது. வேறு கேபிள் போட்டேன், ரவுட்டரில் வேறு போர்ட்டிலும் செருகினேன், மாற்றமில்லை. மற்ற சாதனங்கள் எல்லாம் அதே ரவுட்டரில் நன்றாக ஓடுகின்றன.

லேன் கார்டு போய்விட்டதா, இல்லை புதிய ரவுட்டருக்கும் இந்தப் பழைய கார்டுக்கும் ஒத்துவரவில்லையா? எங்கிருந்து தொடங்குவது?

---

கம்பிவழி:

புதிய ரவுட்டர் பழைய கார்டோடு பேசாது என்ற பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். வீட்டு ரவுட்டர்களின் கிகாபிட் போர்ட்டுகள் எதிரில் இருப்பது 100 மெகாபிட் கார்டு என்று தெரிந்தால் தாமே அந்த வேகத்துக்கு இறங்கிவிடும். 100 மெகாபிட் ஈத்தர்நெட் 1995இல் தரமாக்கப்பட்டது, அன்றைய கார்டுகள் இன்றும் ஓடுகின்றன. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: கார்டின் டிரைவர் அமைப்பில் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் பேசுவதா, மாறி மாறிப் பேசுவதா என்பது) யாராவது '100 ஃபுல்' என்று கையால் பூட்டி வைத்திருந்தால், எதிர்ப்பக்கம் பேச்சுவார்த்தைக்கு ஆள் கிடைக்காமல் ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போய்விடும். அப்படியானால் இணைப்பு இருப்பது போலவே தெரியும், ஆனால் தரவு பாதியில் தொலையும். டிவைஸ் மேனேஜரில் கார்டின் அட்வான்ஸ்டு தாவலைத் திறந்து அங்கே 'ஆட்டோ' இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்போது 169.254 விஷயம். இது ரவுட்டர் கொடுத்த முகவரி அல்ல. டிஎச்சிபி (ரவுட்டர் சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் முறை) வழியாக 'எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்' என்று கேட்டு, பதில் வராததால் விண்டோஸ் தனக்குத்தானே வைத்துக்கொண்ட முகவரி. அதாவது கார்டு இருக்கிறது, டிரைவர் ஏறியிருக்கிறது, கேபிளில் சிக்னலும் இருப்பதாக விண்டோஸ் நம்புகிறது. ஆனால் கேள்வி வெளியே போகவில்லையா, பதில் திரும்பி வரவில்லையா, வந்த பதிலைக் கணினிக்குள்ளேயே ஏதோ ஒன்று தூக்கி எறிகிறதா என்பது இந்த எண்ணிலிருந்து தெரியாது. அதைப் பிரித்தறிய டிஎச்சிபியை ஓரங்கட்டிவிட்டுச் சோதிக்க வேண்டும்.

முதலில் விண்டோஸ் 11 கணினியில் ஐபிகான்ஃபிக் கட்டளை கொடுத்து டிஃபால்ட் கேட்வே, அதாவது ரவுட்டரின் முகவரி, என்ன என்று பாருங்கள். ரவுட்டர் மாறியிருப்பதால் 192.168.1.1 ஆக இருந்தது 192.168.0.1 ஆகியிருக்கலாம், அனுமானிக்க வேண்டாம். பிறகு எக்ஸ்பியில் அதே வரிசையில் யாரும் பயன்படுத்தாத ஒரு முகவரியைக் கையால் கொடுங்கள். கேட்வே 192.168.0.1 என்றால் 192.168.0.50, மாஸ்க் 255.255.255.0 என்று போடலாம். கொடுத்துவிட்டு 127.0.0.1க்கு (அது இந்தக் கணினியே) ஒரு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை), அப்புறம் கேட்வேக்கு ஒரு பிங். கேட்வே பிங் தோற்றாலும் உடனே விடாமல், அதே கமாண்ட் திரையில் 'ஏஆர்பி -ஏ' (எந்த ஐபிக்கு எந்தக் கார்டு என்று காட்டும் கட்டளை) என்று கொடுத்து வருவதை இங்கே எழுதுங்கள். பலரும் தாண்டிப் போய்விடுவது இந்தக் கடைசிச் சோதனையைத்தான்.

இன்னொன்று, கணினியின் தேதி சரியாக இருக்கிறதா?

---

ஃபிலிம்சுருள்:

விரிவான பதிலுக்கு நன்றி. வேகம் ஆட்டோவில்தான் இருக்கிறது. கேட்வே 192.168.0.1, நீங்கள் சொன்னபடி 50 கொடுத்தேன். 127.0.0.1 பிங் போகிறது. கேட்வே பிங் நான்கும் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்'. ஏஆர்பி கட்டளையில் 192.168.0.1க்கு நேராகப் பன்னிரண்டு எழுத்துள்ள ஒரு முகவரியும் 'டைனமிக்' என்றும் வருகிறது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றுதான்.

தேதி 2003 ஜனவரி என்று காட்டுகிறது. ஒவ்வொரு முறை மின்சாரம் எடுத்ததும் அங்கேயே திரும்பிவிடுகிறது.

---

இரண்டாம்அடுக்கு:

அந்த ஏஆர்பி வரி ஒன்றே பாதி வேலையை முடித்துவிட்டது.

உங்கள் கணினி '192.168.0.1 யாருடையது?' என்று கேபிளில் கத்தியிருக்கிறது, ரவுட்டர் 'என்னுடையது, என் மேக் முகவரி (வன்பொருளின் சொந்த எண்) இது' என்று பதில் சொல்லியிருக்கிறது, அந்தப் பதிலும் வந்து பதிவாகியிருக்கிறது. எனவே கேபிள், போர்ட், கார்டு, டிரைவர் என இரு திசையிலும் எல்லாம் வேலை செய்கின்றன. கார்டு வாங்கப் போய்விடாதீர்கள். கேபிளில் பழுது இருந்தால் அந்த வரியே வந்திருக்காது, அல்லது மேக் இடத்தில் வெறும் பூஜ்ஜியங்களும் 'இன்வேலிட்' என்றும் வந்திருக்கும்.

ஏஆர்பி போய்வருகிறது, அதற்கு மேலே ஐபி பொட்டலங்கள் போய்வரவில்லை. மற்ற சாதனங்களுக்கு ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொல்கிறது என்பதால் சந்தேகம் உங்கள் கணினிக்குள் இருக்கும் ஏதோ ஒரு வடிகட்டி மேல்தான் விழுகிறது. எக்ஸ்பியின் சொந்த ஃபயர்வால் இப்படிச் செய்யாது, நீங்கள் அனுப்பும் பிங்கையோ டிஎச்சிபி கேள்வியையோ அது தடுப்பதில்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் போட்டு வைத்த, ஃபயர்வாலும் சேர்ந்த பாதுகாப்பு மென்பொருள் ஏதாவது அதில் இருக்கிறதா? அவற்றில் சில, கார்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் ஒரு வடிகட்டி டிரைவரைச் செருகி வைக்கும். மேலே ஓட வேண்டிய முக்கிய சேவை ஏதோ காரணத்தால் தொடங்காவிட்டால், கீழே உள்ள வடிகட்டி பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் அடைத்துவிடும். தேதி 2003க்குப் போயிருப்பதும் இதற்குக் காரணமாகலாம், உரிமக் காலத்தைத் தேதியை வைத்துத்தானே அது சரிபார்க்கும்.

லோக்கல் ஏரியா கனெக்‌ஷனின் ப்ராப்பர்டீஸைத் திறந்தால் ஒரு பட்டியல் இருக்கும். மைக்ரோசாஃப்ட் கிளையன்ட், ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங், க்யூஓஎஸ், டிசிபி/ஐபி, இவை நான்கும் வழக்கமானவை. இவற்றுக்கு மேல் வேறு பெயரில் ஏதாவது உட்கார்ந்திருந்தால் அதன் டிக்கை எடுத்துவிட்டு மறுபடியும் பிங் செய்யுங்கள். சோதனைக்கு அது போதும். நீக்குவது என்று முடிவெடுத்தால் முறைப்படி ஆட் ஆர் ரிமூவ் புரோகிராம்ஸ் வழியாக நீக்குங்கள், கோப்புகளைக் கையால் அழிக்க வேண்டாம். அதற்கு முன் ஒரு ரிஸ்டோர் பாயின்ட் வைத்துக்கொள்வது நல்லது. நீக்கிய பிறகு சாக்கெட் பற்றி ஏதாவது பிழை வந்தால் 'நெட்எஸ்எச் வின்சாக் ரீசெட்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல் அந்தக் கட்டளை இருக்கிறது.

தேதி ஓடிப்போவதற்கு மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரிதான் காரணம். பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். அதை மாற்றிவிடுங்கள். பேட்டரி செத்தால் தேதியோடு பயாஸ் அமைப்புகளும் போய்விடும், சில போர்டுகளில் உள்ளமைந்த லேனே அணைந்துவிடுவதும் உண்டு.

---

ஃபிலிம்சுருள்:

நீங்கள் சொன்ன அதே இடம்! பட்டியலில் ஐந்தாவதாக ஒரு வடிகட்டி இருந்தது, பழைய பாதுகாப்பு மென்பொருளின் பெயரிலேயே. டிக்கை எடுத்த அடுத்த நொடி பிங் போனது. பிறகு அந்த மென்பொருளை முழுதாக நீக்கி, முகவரியை மறுபடி தானியங்கிக்கு மாற்றினேன். ரவுட்டர் கொடுத்த முகவரி வந்துவிட்டது. பேட்டரியும் மாற்றியாயிற்று, தேதி நிற்கிறது.

ஆனால் வந்த வேலை இன்னும் முடியவில்லை. எக்ஸ்பியில் ஸ்கேன் கோப்புறையை ஷேர் செய்திருக்கிறேன். விண்டோஸ் 11இல் நெட்வொர்க்கைத் திறந்தால் அந்தக் கணினி தெரியவே இல்லை. ஐபி முகவரியை நேராகக் கொடுத்தால், இந்த ஷேருக்கு பழைய எஸ்எம்பி1 (விண்டோஸ் கோப்புப் பகிர்வு முறையின் முதல் பதிப்பு) தேவைப்படுகிறது, அது பாதுகாப்பற்றது என்று மறுக்கிறது. இரண்டு கணினிகளுக்கும் இடையே பிங் இரு பக்கமும் போகிறது.

---

விரைவுவழி:

சுலபம். விண்டோஸ் 11இல் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' திறந்து எஸ்எம்பி 1.0 என்று இருப்பதை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷேர் திறந்துவிடும். வீட்டுக்குள்தானே, ஒன்றும் ஆகாது.

---

வாசற்காவல்:

'வீட்டுக்குள்தானே' என்பதை நான் ஏற்கவில்லை, ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி1 மட்டும். எஸ்எம்பி2 விஸ்டாவோடுதான் வந்தது. 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ், எஸ்எம்பி1 சர்வரில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை, அதே நெட்வொர்க்கில் ஒரு கணினி மாட்டினால் போதும். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்திருந்தும் மைக்ரோசாஃப்ட் அப்போது எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தத்தை வெளியிட்டது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் திருத்தம் உங்கள் கணினியில் இல்லை என்றால், முதல் வேலையாக அதைப் புதிய கணினியில் இறக்கி பென் டிரைவில் கொண்டுபோய்ப் போடுங்கள். அதே 2017இன் இலையுதிர்கால விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான் புதிதாக நிறுவும் விண்டோஸில் எஸ்எம்பி1 சேர்ந்து வராமல் போனது.

அந்த ஃபீச்சர் பட்டியலில் எஸ்எம்பி 1.0க்கு அடியில் தனித்தனியாக மூன்று டிக் இருக்கிறது: கிளையன்ட், சர்வர், தானாக நீக்குதல். எக்ஸ்பியின் ஷேரைப் பார்க்க விண்டோஸ் 11க்குத் தேவை கிளையன்ட் மட்டும். மொத்தத்தையும் டிக் செய்தால் உங்கள் புதிய கணினியிலும் எஸ்எம்பி1 சர்வர் திறந்துவிடும், அது எதற்கும் வேண்டியதில்லை. அப்படியே செய்தாலும் கோப்பை எடுத்து முடித்ததும் டிக்கை எடுத்துவிட வேண்டும்.

அதிலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. எக்ஸ்பியில் 'சிம்பிள் ஃபைல் ஷேரிங்' இயங்கினால் நெட்வொர்க்கில் யார் வந்தாலும் கெஸ்ட் ஆகத்தான் உள்ளே விடும், ஹோம் பதிப்பில் எப்போதுமே அப்படித்தான். விண்டோஸ் 11 புரோவில் 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எம்பி கையொப்பம் (தரவை நடுவில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் முத்திரை) இயல்பாகவே கட்டாயம், கெஸ்ட் இணைப்பில் கையொப்பம் போட முடியாது. அதனால் எஸ்எம்பி1ஐத் திறந்தும் ஷேர் திறக்காமல், அடுத்தது கையொப்பத்தை அணை, கெஸ்டை அனுமதி என்று ஒவ்வொரு பூட்டாகக் கழற்ற ஆரம்பிப்பீர்கள். தினமும் வங்கிக் கணக்கும் சொந்தப் புகைப்படங்களும் இருக்கும் கணினியை, ஒரு ஸ்கேனருக்காக 2001ஆம் வருட நிலைக்கு இறக்க வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது ஒரு திசையில் படக்கோப்புகள் நகர வேண்டும், அவ்வளவே. அதற்கு ஷேரிங்கே வேண்டாம். எக்ஸ்பியில் ஓடும் கடைசிப் பைத்தான் வரிசை 3.4, அதில் விண்டோஸுக்கு நிறுவியோடு வந்த கடைசிப் பதிப்பு 3.4.4. அதன் 32 பிட் நிறுவியைப் புதிய கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோங்கள், எக்ஸ்பியோடு வந்த பிரவுசரால் இன்றைய பாதுகாப்பான தளங்களைத் திறக்க முடியாது. நிறுவிய பிறகு கமாண்ட் திரையில் ஸ்கேன் கோப்புறைக்குள் போய், 'பைத்தான் -எம் எச்டிடிபி.சர்வர் 8000' என்று கொடுங்கள். எக்ஸ்பி ஃபயர்வால் அனுமதி கேட்கும், கொடுங்கள். விண்டோஸ் 11 பிரவுசரில் எச்டிடிபி என்பதை முழுதாகத் தட்டி எக்ஸ்பியின் ஐபி, கோலன், 8000 என்று போட்டால் கோப்புகளின் பட்டியல் வந்துவிடும். எச்டிடிபியைத் தட்டாவிட்டால் பிரவுசர் தானாக எச்டிடிபிஎஸ்ஸை முயன்று தோற்கக்கூடும். இதில் கடவுச்சொல் கிடையாது, ஆனால் படிக்க மட்டுமே முடியும், அந்தக் கோப்புறைக்கு வெளியே எதுவும் தெரியாது. எடுத்து முடித்ததும் கன்ட்ரோல் சி அழுத்தினால் கதவு மூடிவிடும்.

பாதுகாப்பு மென்பொருளை நீக்கிவிட்டீர்கள் என்பதால் எக்ஸ்பியின் சொந்த ஃபயர்வால் ஆன் ஆகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இனி ஷேரிங் தேவையில்லை என்றால் அதே ப்ராப்பர்டீஸ் பட்டியலில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' டிக்கையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் ஐபி முகவரியை மறுபடி கையால் கொடுத்து, கேட்வே கட்டத்தையும் டிஎன்எஸ் கட்டத்தையும் காலியாக விடுங்கள். கேட்வே இல்லாத கணினிக்கு வீட்டு நெட்வொர்க் தெரியும், வெளி இணையத்துக்கு வழி தெரியாது.

---

விரைவுவழி:

கையொப்ப விஷயமும் அந்த மூன்று டிக் விஷயமும் எனக்குப் புதிது, விளக்கத்துக்கு நன்றி. ஆனால் இவ்வளவுக்குப் பென் டிரைவிலேயே படங்களைக் கொண்டுபோய்விடலாமே?

---

வாசற்காவல்:

எப்போதாவது என்றால் தாராளமாகச் செய்யலாம். எக்ஸ்பிக்குத் தனியாக ஒரு அப்டேட் போடாமல் எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியாது, எனவே ஃபேட்32இல் ஃபார்மேட் செய்யலாம், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டக் கூடாது. நெகட்டிவ் ஸ்கேன்கள் அவ்வளவு பெரிதாக இருக்காது. ஆனால் நூற்றுக்கணக்கில் ஸ்கேன் செய்பவருக்கு ஒவ்வொரு முறையும் செருகி எடுப்பது சலித்துவிடும்.

---

மடிக்கணினி_2006:

இதே திரியில் கேட்கிறேன், மன்னிக்கவும். என்னுடையது எக்ஸ்பி மடிக்கணினி, கேபிள் அல்ல, வைஃபை. புதிய ரவுட்டரின் பெயர் பட்டியலிலேயே வரவில்லை. பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது. மேலே சொன்ன ஏஆர்பி சோதனை எனக்கும் பொருந்துமா?

---

கம்பிவழி:

நீங்கள் அதற்கு முந்தைய படியிலேயே நிற்கிறீர்கள், ஏஆர்பி இப்போது வேண்டாம். 802.11பி, ஜி கார்டுகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கேட்கும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் அந்தப் பெயரை ஒலிபரப்பினால் உங்கள் கணினிக்கு அது இல்லாததுதான். 2.4லும் இருந்தும் தெரியவில்லை என்றால் சேனலைப் பாருங்கள், சில பழைய கார்டுகள் 11க்கு மேல் கேட்பதில்லை, 12, 13இல் ரவுட்டர் உட்கார்ந்திருந்தால் 1, 6, 11 இவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

பெயர் தெரிந்து கடவுச்சொல் ஏற்கவில்லை என்றால் பிரச்சினை வேறு. வைஃபை பாதுகாப்பு முறைகளில் புதிதான டபிள்யூபிஏ3 2018இல் வந்தது, எக்ஸ்பிக்கு அது தெரியாது. டபிள்யூபிஏ2வே சர்வீஸ் பேக் 3இல்தான் சேர்ந்து வருகிறது, 2 வைத்திருப்பவர்கள் தனி அப்டேட் போட வேண்டும், கார்டின் டிரைவரும் ஏஇஎஸ் என்ற குறியாக்கத்தை ஆதரிக்க வேண்டும். ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் வசதி இருந்தால் முதன்மை வைஃபையைத் தொடாமல் கெஸ்டை மட்டும் 2.4, டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று வையுங்கள். கெஸ்டில் இருக்கும் சாதனங்கள் வீட்டின் மற்ற கணினிகளைப் பார்க்க முடியாதபடி ரவுட்டர்கள் பெரும்பாலும் பிரித்து வைத்திருக்கும், கோப்புப் பரிமாற்றம் வேண்டுமென்றால் அது இடிக்கும்.

கார்டுக்கு டபிள்யூஇபி என்ற பழைய பாதுகாப்பு முறை மட்டும்தான் தெரியும் என்றால் ரவுட்டரை அதற்கு இறக்கவே வேண்டாம், டபிள்யூஇபியை உடைக்கும் வழி 2001லேயே வெளியாகிவிட்டது. அதற்குப் பதில் கிளையன்ட் அல்லது பிரிட்ஜ் முறையில் ஓடக்கூடிய ஒரு சிறிய ஆக்சஸ் பாயின்ட்டை வாங்கி, அதிலிருந்து ஒரு கேபிளை மடிக்கணினியின் லேன் போர்ட்டில் செருகுங்கள். வைஃபை பேச்செல்லாம் அந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளும், எக்ஸ்பிக்கு அது வெறும் கேபிள் இணைப்பாகவே தெரியும். கார்டோடு மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ நிம்மதி.

---

ஃபிலிம்சுருள்:

பைத்தான் வழி முதல் தடவையே வேலை செய்தது. எச்டிடிபியை முழுதாகத் தட்ட வேண்டும் என்ற குறிப்பு இல்லாவிட்டால் நிச்சயம் அங்கே மாட்டியிருப்பேன். 2017 திருத்தத்தைப் போட்டுவிட்டேன், ஃபயர்வால் ஆன், ஷேரிங் டிக் எடுத்தாயிற்று, கேட்வே காலி. கையால் 192.168.0.50 கொடுத்திருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். அந்த 50ஐ ரவுட்டர் வேறு ஏதாவது கைபேசிக்குக் கொடுத்துவிட்டால்? அப்புறம், ஒரு பெரிய டிஃப் கோப்பு, 110 எம்பி, வந்து சேரப் பத்து நொடிக்கு மேல் ஆகிறது. இது சரியான வேகம்தானா, இல்லை இன்னும் ஏதாவது பழுது இருக்கிறதா?

---

கம்பிவழி:

வேகம் சரிதான். 100 மெகாபிட் என்றால் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட், தலைப்புத் தகவல்கள் போக இன்னும் கொஞ்சம் குறையும். பத்து நொடி சொச்சம் என்றால் அந்தக் கார்டு தன் முழுப் பலத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். நிமிடக்கணக்கில் ஆகியிருந்தால்தான் டூப்ளெக்ஸைச் சந்தேகித்திருப்பேன்.

முகவரி மோதலுக்கு ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தைத் திறந்து அது எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுக்கிறது என்று பாருங்கள். 100 முதல் 200 வரை என்று இருந்தால் 50 வெளியேதான் இருக்கிறது, கவலையில்லை. 2 முதல் 254 வரை என்று இருந்தால் தொடக்கத்தை 100 ஆக்கிவிடுங்கள். அதை மாற்ற விடாத ரவுட்டர் என்றால் அட்ரஸ் ரிசர்வேஷன் பகுதியில் எக்ஸ்பி கார்டின் மேக் முகவரியை 50க்குப் பதிந்து வையுங்கள். எக்ஸ்பி கேட்காவிட்டாலும் ரவுட்டர் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காது.